குறுகிய வரவில் வாழ்வைச் சிறக்கச் செய்வது கொண்டாட்டமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"குறுகிய வரவில் வாழ்வைச் சிறக்கச் செய்வது சிக்கனமா, கொண்டாட்டமா?" என்பது இன்றைய வழக்கு. சிக்கனத்துக்காக வாதாடிய மூவரும் எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டார்கள். முதலாமவர் வட்டிக் கணக்கைக் காட்டி நம்மை அச்சுறுத்தினார். மாதம் 3 விழுக்காடு கூட்டு வட்டிக்கு வாங்கிய கடன், ஒரு காசும் திருப்பிக் கட்டாமல் விட்டால் 24 மாதங்களில் இரு மடங்காகிவிடும் என்றார். இரண்டாமவர் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வை எடுத்து வைத்தார். கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நாட்களிலும், அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகும் ஒரே வகையான அறிவுத்திறன் சோதனைகளை நடத்தியபோது, வறண்ட நாட்களில் அவர்களின் திறன் குறைந்து காணப்பட்டது என்று சொல்லி, பணக்கவலையே மனத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது கொண்டாட்டம் எந்த வழியாக உள்ளே நுழையும் என்று கேட்டார். மூன்றாமவர் சுருக்கமாகவே முடித்தார்: தேவைகள் போக மீந்ததில்தான் கொண்டாட்டம், மீதியே இல்லாதவனுக்கு அந்தப் பேச்சு எதற்கு என்றார். மூன்று வாதங்களில் வலுவானது இந்தக் கடைசி வாதந்தான். நான் மறுக்க எழுந்திருப்பதும் அதைத்தான்.

மறுப்பதற்கு முன் சிலவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரத்துக்கு எங்கள் அணி வக்காலத்து வாங்க வரவில்லை. பசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் போதாத வரவில் தவிப்பவரைப் பார்த்துச் "சிக்கனமாக இரு" என்று சொல்வதும், "சிரித்துக்கொண்டிரு" என்று சொல்வதும் ஒரே அளவு கொடுமை. அவருக்கு வேண்டியது கூலி உயர்வு, நம் பட்டிமன்றம் அன்று. பணத்தால் மகிழ்ச்சியே வராது என்ற பொய்யையும் நான் சொல்லப் போவதில்லை. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கானமன், பார்பரா மெல்லர்ஸ் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலோருக்கு வருமானம் உயர உயர மகிழ்ச்சியும் உயர்கிறது என்றே காட்டியது. ஆனால் நம் வழக்கு வருமானத்தை உயர்த்துவது பற்றியதன்று. வருவது இவ்வளவுதான் என்றான பிறகு, அந்த வரவுக்குள் வாழ்வது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு என் வீட்டுக் கணக்கு நோட்டையே சாட்சியாக அழைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவச் செலவால் எங்கள் குடும்பம் கடனில் விழுந்தது. எதிரணி நண்பர்கள் கேட்டால் எழுந்து நின்று கைதட்டும் அளவுக்கு நாங்கள் அப்போது சிக்கனத்தைக் கைக்கொண்டோம். வெளியே செல்வது நின்றது. விருந்தினரை அழைப்பது நின்றது. அழைத்தால் செலவு என்பதால் நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆறு மாதங்கள் நோட்டு அப்பழுக்கின்றி இருந்தது, வீட்டில் பேச்சும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஏழாம் மாதத்தில் ஒரு மாலை, எல்லோரும் களைத்துப்போய் ஒரு கடைக்குள் நுழைந்து, எங்கள் கூடத்துக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தவணையில் வாங்கி வந்தோம். ஆறு மாதச் சேமிப்பு ஒரே மாலையில் கரைந்தது. அதற்கு மேல் புதிய தவணை ஒன்றும் சேர்ந்தது. அன்று எங்களைக் கவிழ்த்தது கொண்டாட்டம் என்று எதிரணி சொல்லும். அரை ஆண்டு மூச்சைப் பிடித்திருந்தவன் கடைசியில் வாயைப் பிளந்து காற்றை விழுங்கினால், குற்றவாளி காற்றா, மூச்சை அடக்கச் சொன்னவரா என்று நடுவர் அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அதன் பிறகுதான் அந்த நோட்டில் ஒரு வரியைச் சேர்த்தோம். வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஆகியவற்றுக்குக் கீழே "குதூகலம்" என்று எழுதி, வரவில் நூற்றுக்கு இரண்டு பங்கை மாதத்தின் முதல் நாளிலேயே ஓர் உறையில் ரொக்கமாகப் போட்டு வைத்தோம். நாம் கட்டும் வரிகளிலேயே யாரும் முகம் சுளிக்காமல் கட்டிய வரி அது ஒன்றுதான். ரொக்கமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டபோது, கடன் அட்டையால் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகவே கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தொகை கேட்டார்கள். உறையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மூன்றாமவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். கொண்டாட்டத்தை மீதிக்கு விட்டால் அது வராமல் போய்விடுவதில்லை. தணிக்கைக்குத் தப்பி, களைப்பின் தோள்மேல் ஏறி, கணக்கில் இல்லாத செலவாக வந்து சேர்கிறது. முதலிலேயே அளந்து வைத்தால் அளவோடு நின்றுகொள்கிறது. இரண்டாமவர் காட்டிய கரும்பு விவசாயிகளின் ஆய்வும் எங்கள் பக்கமே பேசுகிறது என்பேன். பணக்கவலை மனத்தின் இடத்தை அடைக்கிறது என்றால், "இதைச் செய்யலாமா, கூடாதா, கட்டுப்படியாகுமா" என்ற வாராந்தர வழக்குகளும் அந்த இடத்தைத்தானே அடைக்கின்றன? உறை இருக்கும் வீட்டில் அந்த வழக்கு மாதத்துக்கு ஒருமுறை, முதல் நாளன்றே முடிந்துவிடுகிறது.

சரி, நூற்றுக்கு இரண்டு பங்கில் என்ன கொண்டாட்டம் கிடைத்துவிடும் என்று கேட்பீர்கள். மகிழ்ச்சி எப்படி இயங்குகிறது என்பதைச் சற்றே பார்த்தால், குறைவாக வைத்திருப்பவருக்கு ஒரு வசதி இருப்பது தெரியும். பிலிப் பிரிக்மனும் அவருடைய தோழர்களும் 1978இல் லாட்டரியில் பெரும்பரிசு பெற்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவுக்கு அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவையே குறைந்திருந்தது. 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் எதுவும் பழகிவிட்டால் சலிக்கும் என்பதை அறிய நமக்கு லாட்டரி விழ வேண்டியதில்லை. 2013இல் வெளியான இன்னொரு சோதனையில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள், வாரம் முழுவதும் தின்றுகொண்டிருந்தவர்களைவிட அடுத்த துண்டை அதிகமாகச் சுவைத்தார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியை விளம்பர இடைவெளிகளோடு பார்த்தவர்கள், இடைவெளியின்றிப் பார்த்தவர்களைவிட அதிகம் ரசித்தார்கள் என்றுகூட 2009இல் ஓர் ஆய்வு வந்தது. (விளம்பரங்களை வாழ்நாள் முழுவதும் திட்டி வந்த எனக்கு இதை ஒப்புக்கொள்ளச் சற்று நாளாயிற்று.) இடைவெளிதான் சுவையைக் காக்கிறது. அந்த இடைவெளியைச் செல்வர் முயன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நமக்கோ மாதச் சம்பளம் அதை இலவசமாகவே தந்துவிடுகிறது.

"பார்த்தீர்களா, விட்டுக்கொடுப்பதுதான் இன்பம், அதைத்தானே நாங்கள் சிக்கனம் என்கிறோம்" என்று எதிரணித் தலைவர் இப்போது குறிப்பெடுப்பது தெரிகிறது. ஐயா, சாக்லேட்டை ஒரு வாரம் விட்டவர் எட்டாம் நாளில் அதைத் தின்றார். எட்டாம் நாளே இல்லாத வாரத்தைத்தான் உங்கள் அணி எங்களுக்குப் பரிந்துரைக்கிறது.

அந்த எட்டாம் நாளுக்காகக் காத்திருப்பதற்கே ஒரு தனிச் சுவை உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரை ஆராய்ந்து யெரூன் நவைன் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட முடிவு, விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பயணத்துக்கு முன்னால்தான் என்று காட்டியது. திரும்பி வந்த பின், பெரும்பாலோரைப் பொறுத்தவரை, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. காத்திருப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே ஒரு சிறு பயணத்தை மூன்று வாரம் முன்பே நாள்காட்டியில் குறித்துவிட்டால், அந்த மூன்று வாரத்தின் திட்டமிடலும் வாக்குவாதமும் பகற்கனவும் செலவில்லாத வரவு. திடீரென்று கிளம்பும் பயணத்தில் இது முழுதும் வீணாகிறது.

செலவின் உண்மையான பகைவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி திதரோ தமக்குக் கிடைத்த புதிய அங்கி ஒன்றைப் பற்றி 1769இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கி அழகாயிருந்தது, அதன் பக்கத்தில் பழைய நாற்காலி அழுக்காகத் தெரிந்தது, நாற்காலியை மாற்றியதும் மேசை பல்லிளித்தது, இப்படியே அறை முழுதும் மாறிக் கடைசியில் பழைய அங்கிக்காக ஏங்கினார். எங்கள் கூடத்துக்கு வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் இதையே செய்தது. அதற்கொரு தாங்குமேசை, அதற்கேற்ற திரைச்சீலை, இணைப்புக் கட்டணம் என்று அதன் பின்னால் ஒரு படையே வந்தது. பொருள் வாங்குவதுதான் இன்னொரு பொருளை இழுத்து வருகிறது. நண்பர்களோடு சிரித்த ஒரு மாலை தன் பின்னால் திரைச்சீலையைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனவே எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: எதை வாங்குவதானாலும் அதன் விலையை, அது தரப்போகும் மகிழ்ச்சியான மணிகளால் வகுத்துப் பார்ப்போம். இந்தக் கணக்கில் தோற்ற பொருள்கள் பல. இன்றுவரை தோற்காதது ஒரு சீட்டுக்கட்டு. காசு வைக்காமல் ஆடும் சீட்டைத்தான் சொல்கிறேன், நடுவர் அவர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். 52 சீட்டுகளைக் கலைத்து அடுக்கினால் வரக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. குடும்பமே தலைமுறை தலைமுறையாக ஆடினாலும் அந்தக் கட்டு தீர்ந்துபோகாது. சதுரங்கப் பலகையும் பந்தும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பொது நூலகம் இதற்கும் மேலே நிற்கிறது, ஏனென்றால் அங்கே வகுக்க வேண்டிய விலையே ஏறக்குறைய சுழியம். எங்கள் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் வந்த பிறகு, ஒரே நூல் நான்கு பேருக்கு ஒரே இரவில் பயன்படுகிறது. வானமும் நம் கணக்கில் சேரும். ஆகஸ்டு 12, 13 தேதிகளையொட்டிப் பெர்சைட் விண்கல் பொழிவும், டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டி ஜெமினிட் பொழிவும் உச்சம் பெறுகின்றன. மேகமும் நிலவொளியும் தெருவிளக்கும் இல்லாத இடத்தில் பாயை விரித்துப் படுத்தால் போதும், தொலைநோக்கி வேண்டாம். சந்திர கிரகணத்தையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். நாங்கள் முதன்முறை ஜெமினிட் பார்க்கப் போனபோது மேகம் மூடி ஒரே ஒரு கல்தான் கண்ணில் பட்டது. அதை யார் முதலில் பார்த்தார் என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

அந்த உறையிலிருந்து பிறருக்குச் செலவிட்டதும் உண்டு. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட சோதனையில், 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சிலரைத் தமக்காகவும் சிலரைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: தொகை ஐந்தா இருபதா என்பதால் வேறுபாடு ஏற்படவில்லை. கை சிறியதாக இருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

முதலாமவர் இன்னும் தம் வட்டிக் கணக்கைக் கையிலேயே பிடித்திருக்கிறார். கடன் இருக்கும் வீட்டில் அந்த இரண்டு பங்கையும் தவணையில் சேர்த்துக் கட்டினால் கடன் முன்னதாகவே தீருமே என்று கேட்கிறார். தாளில் போட்டால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் தாள் களைப்படைவதில்லை, எங்களுக்குக் களைப்பு வரும். உறை இல்லாத ஏழு மாதங்களில் எங்கள் கடன் கூடியது. உறை வந்த பிறகு ஒரு தவணைகூடத் தவறாமல் கடனைக் கட்டி முடித்தோம். கடைசித் தவணை கட்டிய மாலையில் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்ப் பாயை விரித்துச் சீட்டாடினோம். நோட்டில் குதூகலம் என்ற வரியில் அந்தத் தேதியும் இருக்கிறது. எதிரே எழுதியுள்ள தொகை சுழியம். நோட்டை நடுவர் அவர்களின் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.