பயத்தைக் கற்றுத் தந்தது யார்?

பெரியோர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

என் தங்கைக்கு எட்டு வயதானபோது, பள்ளிக்குப் போகும் வழியில் மாவு மில் வாசலில் படுத்திருந்த நாய் ஒன்று அவளைத் துரத்தியது. கடிக்கவில்லை, பாவாடை விளிம்பைக் கவ்வி இழுத்தது, அவ்வளவுதான். மறுநாள் முதல் அவள் அந்தத் தெருவை விட்டுவிட்டுக் கோயில் குளத்தைச் சுற்றிப் போனாள். ஓராண்டில் அந்த நாய் செத்துப்போனது. அவள் சுற்றுவழியை விடவில்லை. "இதற்குப் போய் இப்படியா பயப்படுவது?" என்று வீட்டில் எல்லோரும் திட்டினோம். நானும்தான். உளவியல் படித்த பிறகே அது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. அவள் கோழையல்ல, ஒரு பாடத்தை மிக நன்றாகக் கற்றுக்கொண்டவள்.

பயம் கற்கப்படுவது என்று காட்ட முனைந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். ரோசலி ரெய்னருடன் சேர்ந்து 1920-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் வளர்ந்த ஆல்பர்ட் என்றொரு குழந்தை வருகிறது. ஒன்பது மாதத்தில் அது வெள்ளை எலி, முயல், நாய் எதற்கும் அஞ்சவில்லை. பதினொரு மாதம் நிறைந்ததும், எலியைத் தொடக் கை நீட்டிய நேரம் பார்த்து, தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்கள், மொத்தம் ஏழு முறை. பிறகு எலியை மட்டும் காட்டினார்கள். குழந்தை அழுதது, மேசை விளிம்பை நோக்கி அவ்வளவு வேகமாகத் தவழ்ந்தது, விழுவதற்குள் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. சில நாட்களில் முயல், நாய், ரோமக் கோட்டு என்று எதைக் கண்டாலும் கலங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

அந்த ஆய்வில் ஒரு செய்தியை என்னால் மறக்கவே முடியவில்லை. விரல் சூப்பும்போது குழந்தைக்குப் பயம் வரவில்லை. ஆகவே திரும்பத் திரும்ப அதன் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள். பயம் வர வேண்டும் என்பதற்காக!

சரி, நாய் செத்த பிறகும் பயம் ஏன் சாகவில்லை? 1947-இல் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு விளக்கம் தந்தார். பயம் பிறப்பது ஒரு படி. அது நிலைப்பது வேறொரு படி. குளத்துப் படிக்கட்டைத் தாண்டியதும், என் விரலை இறுக்கியிருந்த தங்கையின் பிடி தளரும். அந்த நிம்மதிதான் அவளுக்குக் கிடைத்த பரிசு. விலகினால் நிம்மதி, அதனால் மறுபடியும் விலகல். மில் வாசல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கும் வாய்ப்பே அவளுக்கு வரவில்லை.

நாய் துரத்திய எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பாம்பைக் கண்ணாலேயே காணாதவர்களும் அஞ்சுகிறார்கள். பிறரைப் பார்த்தும் பயம் தொற்றும். சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980-களில், ஆய்வகத்தில் பிறந்து பாம்புக்கு அஞ்சாத குரங்குகளுக்கு, பாம்பைக் கண்டு மிரளும் குரங்கைக் காட்டினார்கள். பார்த்தவையும் மிரளக் கற்றன. பூவைக் கண்டு மிரள்வதுபோல் தொகுத்த காணொளியைக் காட்டியபோது பூவுக்கு அஞ்சவில்லை. பாம்பென்றால் படையும் நடுங்குவதற்கு உடம்பிலேயே ஓர் ஆயத்தம் இருக்கிறது போலும். சொல்லாலும் பயம் வரும். சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று தயவுசெய்து பிள்ளைகளை மிரட்டாதீர்கள்.

ஆல்பர்ட்டின் பயத்தை யாரும் நீக்கவில்லை; அதற்குள் குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. ஆனால் 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். நாளாக நாளாகச் சற்றுச் சற்றாக அருகே கொண்டுவந்தார்கள். முயலோடு பயமின்றி விளையாடும் பிள்ளைகளையும் உடன் சேர்த்தார்கள். கடைசியில் தன் விரல்களை முயல் கொறிக்கும்வரை விட்டுவைத்தான் பீட்டர்.

என் தங்கையை அப்படிப் படிப்படியாக அழைத்துப்போக அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அவள் மகன் நாய் வேண்டும் என்கிறான். சென்ற மாதம் எதிர்வீட்டு நாய்க்குட்டியைப் பத்தடி தள்ளி நின்று இருவரும் பார்த்தார்கள். மகனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் குட்டி உள்ளே போகும்வரை நின்றாள்.