பள்ளிக்கூடம் எங்கள் அடுப்படிக்கு வந்து நாலு தலைமுறை

நடுவர் ஐயா அவர்களுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், அறுப்பின் பண்டிகைக்காக வில்பட்டியிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் எங்கள் பூம்பாறையிலிருந்தும் இந்தக் குளிரில் கொடைக்கானல் வரை வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

'எட்டு வயது வரை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளி வீடா, பள்ளிக்கூடமா?' வீடே என்ற அணியில் நிற்கிறேன். எட்டு வயது வரை என்ற வார்த்தையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் பேசியவர்கள் அதை வசதியாக விட்டுவிட்டார்கள். பிள்ளையை இருபது வயது வரை பூட்டி வைக்கப்போவதைப் போலப் பேசிவிட்டுப் போனார்கள்.

எதிரணி அண்ணன் கேட்ட பெரிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். '1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் மறு வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார். 1901இல் இதே கொடைக்கானலில் மிஷனெரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி வந்தது. ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த சபை இது. அந்தப் பரம்பரையில் வந்துவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அது நன்றி மறப்பது ஆகாதா?' என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் அவர் சொன்ன வரலாறு உண்மை.

ஆனால் அந்த வரலாற்றில் ஒரு ஆளை அண்ணன் விட்டுவிட்டார். பைபிள் உமன், அதாவது வீடு தேடிப் போய்ப் பெண்களுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக் கொடுத்த மிஷன் ஊழியக்காரி.

என் பூட்டிக்கு வத்தலக்குண்டு பக்கம் ஒரு கிராமம். பெண்பிள்ளை தெருவைத் தாண்டக் கூடாது என்று இருந்த காலம். பள்ளிக்கூடம் இருந்தது, ஆனால் அது என் பூட்டிக்கு இல்லை. அப்போது அமெரிக்கன் மதுரை மிஷனிலிருந்து ஒரு பைபிள் உமன் வீடு வீடாக வருவார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு குடை, தோளில் ஒரு துணிப்பை. அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, உமியைப் பரப்பி, பூட்டியின் விரலைப் பிடித்து 'அ' எழுதிக் காட்டினார் என்று என் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு அது நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இந்த ஒரு வீடு மட்டும் இல்லை. மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் எத்தனையோ பெண்கள் முதல் எழுத்தைப் படித்தது இப்படி வீட்டுக்குள்ளேதான். பெஞ்சும் இல்லை, மணியும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை.

பூட்டி படித்ததைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தார். பாட்டி அம்மாவுக்கு. அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பது வருடம் வகுப்பு எடுத்தார். நான் பட்டம் வாங்கினேன். நடுவர் ஐயா, எழுத்து இல்லாத வீடுகளுக்கு எழுத்தைக் கொண்டுபோகத்தான் மிஷனெரிகள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை முடிந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் காட்டுகிற நன்றி, அது எனக்குக் கொடுத்ததை வைத்து என் பிள்ளையின் முதல் எழுத்தை நானே சொல்லிக் கொடுப்பது. இதில் எங்கே இருக்கிறது நன்றி மறப்பு?

சரி, ஏன் இந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியவன் 2018இல், குறிஞ்சி பூத்த வருடம் பிறந்தவன். மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். காலை ஏழு மணிக்கு வேன். எங்கள் ஊர்ச் சாலையின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். அவன் இடக்கைப் பிள்ளை. வகுப்பில் நாற்பது பேர், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து ஒரே மாதிரி எழுதவேண்டும். 'அந்தக் கை வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். 'ஏன்டா?' என்றேன். 'அது கெட்ட கைம்மா' என்றான்.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிஞ்சுகளை ஒரு ஆளிடம் கொடுத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் தேவன் கொடுத்த கையைக் கெட்ட கை என்று நாலு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு வந்தால், அதை அழிக்க எனக்கு எத்தனை மாதம் ஆனது தெரியுமா? எட்டு மாதம். இன்று அவன் இடது கையால்தான் எழுதுகிறான். எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நேரம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். எதிரணி அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். அக்கா, நாற்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியை என்றால், ஒரு நாள் முழுக்க வகுப்பு நடந்தாலும் ஒரு பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஒன்றரை மணி நேரமும் என் கண் அவன் நோட்டில் இருக்கிறது. மீதிப் பொழுதில் அவன் சும்மா இருப்பதில்லை. உபாகமம் ஆறாம் அதிகாரம் என்ன சொல்கிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்கிறது. கால அட்டவணை போட்டுச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பூண்டுத் தோட்டம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கொடைக்கானல் மலைப்பூண்டு. போன அறுவடையில் என் வீட்டுக்காரர் 14 மூட்டையை வடுகபட்டி மண்டிக்கு ஏற்றிவிட்டார். சீட்டு வந்தது. பெரியவன் அதை வாங்கித் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சாக்கு எடைக்காக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், அது வழக்கம். அவன் 14 பூண்டுப் பல்லை வரிசையாக வைத்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான். அப்புறம் அப்பாவிடம் போய், 'மூட்டை பதினாலுதானப்பா, இதில் ஏன் பதினேழு கழிச்சிருக்காங்க?' என்றான். என் வீட்டுக்காரர் போன் போட்டார். எழுதும்போது தப்பாகிவிட்டது என்று சொல்லி மண்டியில் திருத்திக் கொடுத்தார்கள். மூன்று கிலோ பூண்டின் விலை அவனுக்குக் கழித்தல் கணக்கை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு அவனாகவே ஒரு கணக்குப் போட்டான்: அடுத்த குறிஞ்சி 2030இல், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

தம்பி ஒருவர் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினார். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் மழுப்பவும் கூடாது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆறு வயதுக்கு முன் எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. நாம்தான் மூன்று வயதிலேயே மூட்டை கட்டி அனுப்புகிறோம். ஆறுக்கு மேல், பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாம் பிரிவு சொல்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டம் எதையும் எழுதவில்லை, இதையும் தம்பி சொல்லியிருக்கவேண்டும். அதே சட்டத்தின் நாலாம் பிரிவு, இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளை வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள் என்கிறது. அதாவது எட்டு வயதில் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் மூன்றாம் வகுப்பின் கதவு திறந்திருக்கிறது. பள்ளியே வேண்டாம் என்று அதற்கு மேலும் போகிறவர்களுக்கு, பன்னிரண்டரை வயதில் எழுதுகிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நம் மாநிலத்திலேயே உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. என் பிள்ளை வழி தெரியாத காட்டில் நிற்கவில்லை.

அடுத்தது உப்பு. 'நீங்கள் பூமிக்கு உப்பு என்று ஆண்டவர் சொன்னார், ஜாடிக்குள் இருக்கிற உப்பு எந்தக் குழம்புக்கு ருசி தரும்?' என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு நான் மனதிலிருந்து பதில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு சாமி கும்பிடுகிறது, அதோடு என் பிள்ளை சேரக்கூடாது என்று பயந்து வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிற பெற்றோர் யாராவது இருந்தால், நான் அவர்கள் அணியில் இல்லை. அக்கா, நான் உங்கள் பக்கம் வந்து நிற்பேன். அமெரிக்காவில் 1980களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நடுவே இந்த வீட்டுக் கல்வி வேகமாகப் பரவியது, 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அதற்குச் சட்டம் வழிவிட்டது. அங்கிருந்து நல்லதும் வருகிறது, உலகத்தைப் பார்த்து மிரளுகிற மனசும் கூடவே வருகிறது. நல்லதை எடுத்துக்கொள்வோம், மிரட்சி நமக்கு வேண்டாம். என் பெரியவனின் உயிர்ச் சிநேகிதன் பக்கத்து வீட்டுப் பையன். குழந்தை வேலப்பர் கோயில் தேர் அன்றைக்கு அவர்கள் வீட்டில் விருந்தாளிக் கூட்டம், என் அடுப்பிலும் அவர்கள் பானைதான் கொதிக்கும். என் பிள்ளை தண்ணீர் சுமந்து கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் இதே கொடைக்கானல் சந்தையில் கேரட் விற்கிற பாட்டியிடம் சில்லறை எண்ணி வாங்குவான். மன்னவனூரிலிருந்து வருகிற ஆட்டுக்காரரிடம் அரை மணி நேரம் பேசுவான். வகுப்பறையில் பழகக் கிடைப்பது அவன் வயதுப் பிள்ளைகள் மட்டும்தான். சந்தையில் எட்டு வயதும் உண்டு, எண்பது வயதும் உண்டு.

படைப்பைப் பற்றிச் சொல்லும்போது அறிவியலை மறைப்பீர்களா என்றும் ஒரு கேள்வி வந்தது. நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிற ஆய்வுக்கூடம் நம் ஊரில் இருக்கிறது. சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது அங்கேதான். பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனோம். வெளியே வந்து சின்னவள், 'சாமி சூரியனைச் சும்மா வைக்கலம்மா, ஓட விட்டிருக்கார்' என்றாள். இதில் எதை மறைக்க வேண்டும்?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், இது என் அணிக்கு எதிராகக்கூட இருக்கலாம். விடிந்ததும் கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு என் பேச்சு பொருந்தாது. அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் நிழல். 2022இல் தொடங்கிய காலை உணவும், மதியச் சத்துணவும் அங்கேதான் கிடைக்கிறது. வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்தால் அதைக் கவனிக்கிற கண்ணும் அங்கேதான். அந்தப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கவேண்டும் என்று தினமும் எங்கள் குடும்ப ஜெபத்தில் சொல்கிறோம். நான் கேட்பதெல்லாம், படித்த தாயோ தகப்பனோ, பாட்டியோ வீட்டில் இருக்கிற குடும்பங்கள், அந்த முதல் சில வருடங்களை யாருக்கோ கை மாற்றிவிட வேண்டாம் என்பதுதான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசத்துக்குக் காரணம் சொல்கிறார். யாரைச் சொல்கிறார்? பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், பாட்டி என்றதும் என் மாமியாரைச் சொல்லாமல் இறங்க முடியாது.

அவர்களுக்கு வயது 68. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் இருபத்துமூன்றாம் சங்கீதம் முழுக்க மனப்பாடம், கேட்டுக் கேட்டே வந்தது. என் ஐந்து வயதுச் சின்னவள் வேதாகமத்தை மடியில் விரித்து உட்காருவாள். பாட்டி சொல்லச் சொல்ல இவள் விரல் வரியின்மேல் நகரும். 'மேய்ப்பராயிருக்கிறார்' என்ற இடத்தில் விரல் பின்தங்கிவிடும், பாட்டி நின்று காத்திருப்பார்கள். இப்படியே இவள் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் மண் படிந்த நகத்தோடு பாட்டியின் விரலும் அந்தப் பக்கத்துக்கு வந்தது. 'தாழ்ச்சியடையேன்னு சொல்றோமே, அதுல ழ எதுடி?' என்று கேட்டார்கள். 'இதோ பாருங்க பாட்டி, வாழைப்பழத்துல வர்ற ழ' என்றாள் சின்னவள். அன்றைக்குத் தொடங்கியது, நடுவர் ஐயா. தினமும் சாயங்காலம், அடுப்பு முன்னால். என் பூட்டி வீட்டுக்குக் குடை பிடித்து வந்த பைபிள் உமன், இப்போது ஐந்து வயதில், மூக்கு ஒழுகிக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே வந்தால் ஐம்பது வருடமாக என் மாமியார் பக்கத்தில் நிற்பவரிடம்தான் 'இது எங்கே போகுது?' என்று கேட்பார்கள். ஒரு பேருந்து வந்து நின்றது. யாரிடமும் கேட்கவில்லை. பலகையைப் பார்த்து உதட்டை அசைத்தார்கள். ம. ன். ன. வ. 'மன்னவனூர். நம்ம ஊரு வழியாத்தான் போகும், ஏறுங்க' என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக ஏறினார்கள்.