கிரிமியாவில் சிப்பாயைக் கொன்றது எதிரியின் பீரங்கியா, சொந்தக் கிடங்கா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 1850-களில் கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவில் பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவோடு போரிட்டு, ரஷ்யக் கோட்டை நகரான செவஸ்தபோலை முற்றுகையிட்டன. அங்கே பிரிட்டிஷ் சிப்பாயைக் கொன்றது சொந்தக் கிடங்குதான் என்பது என் கட்சி.

எனக்கு முன் பேசிய நண்பர் பிரிட்டிஷ் குதிரைப்படையை இந்த மேடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். 1854 அக்டோபர் 25, பாலக்ளாவா பள்ளத்தாக்கு, மூன்று பக்கமும் ரஷ்யப் பீரங்கி, நடுவே பாயும் குதிரைகள். கைதட்டல் வாங்க இதைவிட நல்ல காட்சி கிடையாது. நானும்தான் தட்டினேன். ஆனால் அந்தப் பாய்ச்சலில் போன சுமார் 670 பேரில் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 110 பேர். பாட்டெழுத யாரும் வராத 1855 ஜனவரிக்கு வாருங்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பின்னால் அச்சிட்ட மாதவாரிக் கணக்குப்படி, அந்த ஒரு மாதத்தில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 3,168 பேர். அதில் காயத்தால் செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 83!

மிச்சப் பேரை யார் கொன்றது? "பனி கொன்றது, குளிர்தான் ரஷ்யாவின் பெரிய தளபதி" என்றார் நண்பர். நவம்பர் 14 புயலையும் சொன்னார். 'பிரின்ஸ்' என்ற கப்பல் குளிர்கால உடைகளோடு மூழ்கியது உண்மை. குதிரைத் தீனி மூழ்கியதும் உண்மை. புயலுக்கு நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான கம்பளிக் கோட்டுகள் பிரிட்டிஷாரின் துறைமுகமான பாலக்ளாவாவுக்கு வந்து சேர்ந்தன. வந்தவை கிடங்கிலேயே கிடந்தன. ஒரு சிப்பாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு கோட்டுதான் என்பது விதி! போன கோட்டு கடலில் போனதா, சேற்றில் போனதா என்று விதிப்புத்தகம் கேட்கவில்லை. (வந்த பூட்ஸெல்லாம் இடது காலுக்கே இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதை நான் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. எனக்கு அவ்வளவு பஞ்சம் இல்லை.)

ஒரே ஒரு பொருளை மட்டும் கையில் எடுத்துக் காட்டுகிறேன். காப்பிக்கொட்டை. ரேஷனில் காப்பி உண்டு. கொடுத்தது பச்சைக்கொட்டை. வறுத்தால் ஈரத்தில் மணம் கெடும், பச்சையாக இருந்தால் கப்பலில் தாங்கும் என்பது அதிகாரி சொன்ன காரணம். கிடங்குக்கு அது சரி. குடிக்கிறவனை யோசியுங்கள். இரவெல்லாம் அகழியில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறான். வறுக்க நெருப்பு வேண்டும். விறகு கொடுக்கப்படவில்லை. விறகு என்பது பாரக்கில், அதாவது நிரந்தரப் படைக் குடியிருப்பில், இருப்பவனுக்குத்தான், களத்தில் இருப்பவனுக்கு அந்த உரிமை இல்லை என்பது விதி! டிசம்பர் வரை இதுதான் நிலை. மரங்களை முன்பே வெட்டித் தீர்த்தாயிற்று. ஆகவே மண்வெட்டியை எடுத்து உறைந்த மண்ணில் செடிவேரைத் தோண்டுகிறான். ஈரவேர் புகைகிறது, எரிவதில்லை. தகர டப்பா மூடியில் கொட்டையைப் போட்டால் வெளியே கருகுகிறது, உள்ளே பச்சை. இடிக்க உரல் கிடையாது. வெடித்த குண்டின் ஓட்டில் கொட்டையைப் போட்டு, பீரங்கிக் குண்டை உருட்டி நசுக்குகிறான். ரஷ்யன் அனுப்பிய குண்டு அங்கேதான் ஐயா சிப்பாய்க்கு உதவியாக இருந்தது!

நெருப்பு இல்லாததால் காப்பி மட்டும் போகவில்லை. உப்புக்கண்டத்தை வேகவைக்காமலே தின்றார்கள். வயிறு போனது. காய்கறி இல்லாததால் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கியது. ஈறு வீங்கியவனால் கல் போன்ற பிஸ்கட்டைக் கடிக்க முடியாது. ரேஷன் கையில் இருக்கும்போதே பட்டினி.

துறைமுகத்திலிருந்து முகாம் ஏழு மைல்தான். நல்ல சாலை இருந்த மேட்டை ரஷ்யர்கள் பிடித்துவிட்டார்கள் என்று நண்பர் சொல்வார், அதுவும் சரி. மிச்சம் இருந்தது மண்பாதை. அதில் கல் பரப்ப ஆளும் கருவியும் கொண்டுபோகவில்லை. படைக்கென்று இருந்த வண்டிப் பிரிவை 1833-லேயே கலைத்திருந்தார்கள், செலவு மிச்சம் என்று. குதிரை சுமக்க வேண்டும், குதிரை சுமக்கத் தீனி வேண்டும், தீனியையும் அதே குதிரைதான் சேற்றில் இழுக்க வேண்டும். தீனி நின்றதும் குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் தின்றன. அப்புறம் பிஸ்கட்டை மனிதன் சுமந்தான். நோயாளிகளைக் கீழே இறக்க பிரெஞ்சுக்காரனிடம் கோவேறு கழுதை இரவல்.

கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல் பக்கம் பிரிட்டிஷார் வைத்திருந்த ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனவன் பிழைத்தானா? அடைத்த சாக்கடைமேல் கட்டில். பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவியது, தண்ணீர் வரும் வழியில் கிடந்த செத்த குதிரையை எடுத்தது, காற்றுக்கு வழி திறந்தது. ஜூனில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு இறங்கியது.

இன்னும் சந்தேகமா நடுவர் அவர்களே? துறைமுகத்திலிருந்து முகாமுக்கு ஏழு வாரத்தில் ரயில் போட்டார்கள். மரக்குடிசையும் அடுப்பும் சூடான சோறும் வந்தன. மறுவருடம் அதே மேடு, அதே ஜனவரி. 1856-ல், முன்னைவிட பெரிய படையில் செத்தவர்கள் 49 பேர். "செவஸ்தபோல் விழுந்துவிட்டது, சண்டை ஓய்ந்துவிட்டது" என்பார் நண்பர். சண்டைதான் கொன்றது என்றால் பக்கத்து முகாமில் பிரெஞ்சுக்காரன் அந்தக் குளிரில் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தது ஏன்? அவனுக்கும்தான் சண்டை ஓய்ந்திருந்தது. முதல் குளிரில் பிரிட்டிஷாரைவிட நன்றாக இருந்தவன் அவன். ஆக, பிரிட்டிஷாரைக் காப்பாற்றியது சண்டை ஓய்ந்தது அல்ல, ஏற்பாடு மாறியதுதான்.

போர் முழுவதிலும் பிரிட்டிஷ் படையில் களத்தில் மாண்டவர்கள் 2,755, காயத்தால் 2,019, நோயால் 16,323. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்போமே, அப்படி ஒரு சரக்கு பாலக்ளாவாவில் இறங்கியது. ஸ்கர்விக்கு மருந்தான எலுமிச்சைச் சாறு, 20,000 பவுண்டு எடை, 1854 டிசம்பர் 19. தினசரி ரேஷன் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால் பிப்ரவரி வரை சிப்பாய் வாய்க்குப் போகவில்லை. எதிரணி நண்பர் எழுந்து வரட்டும். அந்த ஏழு வாரம் கிடங்கு வாசலில் காவல் நின்ற ரஷ்யன் யார் என்று சொல்லட்டும்.