விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிச் சொன்னால் எதை நம்புவது?

அடுத்த கேள்வி தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலம் 9 லட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம்) தள்ளி இருக்கிறது என்றார்கள், இப்போது 25 லட்சம் என்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயசும் 200 கோடியிலிருந்து 1,380 கோடி ஆகிவிட்டது. எதைத்தான் நம்புவது சார்?"

சரி தம்பி, ராத்திரி காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். தூரத்தில் ஒரு விளக்கு தெரியும். பக்கத்து ஃபைபர் படகின் சின்ன லைட்டா, எங்கோ நிற்கும் கப்பலின் பெரிய லைட்டா? கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். அது எத்தனை வாட் என்று தெரிந்தால்தான் தூரம் சொல்லலாம். வானத்திலும் இதே சிக்கல்.

வழி காட்டியவர் அமெரிக்க வானியலாளர் ஹென்ரியேட்டா லெவிட். செஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். எவ்வளவு நிதானமாகத் துடிக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் அதிகம் என்று 1912-இல் காட்டினார். துடிப்பை எண்ணினால் வாட் தெரிந்துவிடும்!

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் என்ற வானியலாளர் ஆண்ட்ரோமீடாவில் அப்படி ஒன்றைப் படம் பிடித்தார். அந்தக் கண்ணாடித் தகட்டின் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். முதலில் நோவா, அதாவது திடீரென்று பிரகாசித்து மங்கும் நட்சத்திரம், என்று குறித்திருக்கிறார். அதை அடித்துவிட்டு, 'மாறும் நட்சத்திரம்' என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறார். ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்பது அதிலிருந்துதான் உறுதியானது. அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை தம்பி. மாறியது தூரக் கணக்கு மட்டும்தான்.

அது ஏன் மாறியது? வர்தா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ராத்திரியில் நம் மொட்டை மாடியிலேயே எத்தனை நட்சத்திரம் தெரிந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் உலகப் போரில் லாஸ் ஏஞ்சல்ஸில் விளக்கணைப்பு நடந்தபோது, ஹப்பிள் பயன்படுத்திய அதே மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் வால்டர் பாடே என்ற வானியலாளர் ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரக் கூட்டத்தில் ரெண்டு வகை இருப்பது அதில் புரிந்தது. செஃபீடிலும் ரெண்டு வகை. ஹப்பிள் அளந்த வகையின் வாட்டைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். 1952-இல் தூரங்கள் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயின. மண்டலங்களின் தூரத்தையும் அவை விலகும் வேகத்தையும் வைத்துத்தான் பிரபஞ்சத்தின் வயசைக் கணக்கிடுகிறார்கள்; அதனால் வயசும் கூடவே ஏறியது. அதற்கு முன்பு பூமியின் பாறைகள் பிரபஞ்சத்தை விட மூத்தவையாக இருந்தன!

இப்போதும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்குப் பிரபஞ்சம் விரியும் வேகம், செஃபீடை வைத்து அளந்தால் வினாடிக்கு 73 கிலோமீட்டர். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை வைத்துக் கணக்குப் போட்டால் 67. எங்கே இடிக்கிறது என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.