பத்து விழுக்காட்டுக் கோடு

வணக்கம், நேயர்களே.

நிறுவனத்தின் உள் விவரம் அறிந்தவர் என்றதும் இயக்குநர், நிதி அதிகாரி, தணிக்கையாளர் என்றுதான் நமக்குத் தோன்றும். வெறுமனே பங்கு வாங்கி வைத்திருப்பவர் எப்போது 'இன்சைடர்' ஆகிறார்?

அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டம், 16ஆம் பிரிவில், இதற்கு ஓர் எண்ணையே விடையாகச் சொல்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் ஒரு வகைப் பங்குகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் இன்சைடர். இயக்குநர் குழுக் கூட்டத்தை அவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய ஆறு மாதத்துக்குள் விற்று லாபம் பார்த்தால், அந்த லாபம் நிறுவனத்துக்கே போய்ச் சேர வேண்டும். ரகசியம் ஏதும் தெரிந்திருந்ததா என்ற கேள்வியே கிடையாது. (ரகசியத்தை வைத்து வணிகம் செய்பவரைப் பிடிக்கத் தனி விதி உண்டு.)

எமர்சன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த எண்ணோடு விளையாடிய விதம் சுவையானது. 1967 ஜூனில் அது டாட்ஜ் மேனுஃபாக்சரிங் நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்று, பங்கு 63 டாலர் வீதம் 13.2 விழுக்காட்டை வாங்கியது. டாட்ஜோ ரிலையன்ஸ் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு இணைய முடிவெடுத்துவிட்டது. நம் ஊர் ரிலையன்ஸ் என்று எண்ணிவிடாதீர்கள். தோற்ற எமர்சனுக்கு வழக்கறிஞர்கள் வழி சொன்னார்கள். ஆகஸ்டில் 37,000 பங்குகளை 68 டாலருக்கு விற்றது. மிஞ்சியது 9.96 விழுக்காடு! இரண்டே வாரத்தில் அதையும் 69 டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

இரண்டாவது விற்பனையின் லாபம் மட்டும் சுமார் 6.9 லட்சம் டாலர். திட்டம் போட்டுச் செய்த வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த லாபம் யாருக்கு என்ற வழக்கில், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் எமர்சன் பக்கம் நின்றது. வாங்கும்போதும் விற்கும்போதும் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியிருக்கிறது. விற்றவரின் உள்நோக்கத்தை அது கேட்கவில்லை என்றது பெரும்பான்மை. எனக்கு நீதிபதி டக்ளஸின் மாற்றுக் கருத்தில்தான் மனம் நிற்கிறது: ஒரே திட்டத்தின் இரு பகுதிகளை ஏன் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்? நீதிமன்றம் அந்தத் திசையில் போகவில்லை. ஒருவரை 10 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோகும் அந்த முதல் கொள்முதலே கணக்கில் சேராது என்று 1976இல் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது.

இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகள் வேறு வழியில் போகின்றன. இங்கே பங்கின் அளவு மட்டுமே யாரையும் இன்சைடர் ஆக்குவதில்லை. நிறுவனத்தோடு தொடர்புடையவரா, வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் கையில் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். நூறு பங்கு வைத்திருப்பவர்கூட, காலாண்டு முடிவை முன்கூட்டியே அறிந்து விற்றால் சிக்குவார். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். மேல்வரம்பு 25 கோடி அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது.