ரயிலடிக்கு நடந்து போங்கள்

வணக்கம். பழைய ரயில் நிலையங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய சந்திப்புகளைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது, நாளுக்கு ஒரு வண்டியோ இரண்டோ நின்று போகிற, கூரை சரிந்த, கடிகாரத்தைக் கழற்றிய சுவரில் வட்டமாய்க் கறை மட்டும் மிஞ்சியிருக்கிற நிலையங்களைப் பற்றி. அவற்றை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும். ஊர் கண்ணுக்கே தெரியாது. காரில் போகிறவர், "எவன் இங்கே கொண்டுவந்து கட்டினான்?" என்று அலுத்துக்கொள்வார். நடந்து போனால் காலுக்குக் காரணம் தெரிந்துவிடும். மேடும் பள்ளமுமாக வந்த பாதை நிலையத்தருகே சமதளமாகிவிடும். ரயிலுக்கு வேண்டியது அதுதான். சரிவில் நிறுத்திய வண்டி உருளும். பாரத்தோடு மேட்டில் கிளம்பவும் திணறும். ஆகவே பொறியாளர் ஊரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நீராவி எஞ்சின் காலத்தில் தண்ணீரையும் பார்த்தார். புதருக்குள் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றால் கவனியுங்கள். அந்த இடத்தில் வண்டி நின்றதற்குப் பயணிகளைவிட எஞ்சினின் தாகம் பெரிய காரணமாக இருந்திருக்கலாம். டீசல் வந்தது, தாகம் போனது, நிலையமும் மெலிந்தது.

வாசலில் தேவைக்கு மீறிய வெட்டவெளி இருக்கிறதா? மாட்டு வண்டிகள் வந்து திரும்பிய இடம் அது. பக்கத்தில் தனியாக ஒரு மேடை இருந்தால், அது சரக்கு ஏற்றியது. பயணிகள் குறைந்ததால் நிலையம் செத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சரக்கு லாரிக்கு மாறிய நாளிலேயே பாதி உயிர் போய்விட்டது.

அப்புறம் தண்டவாளம். நடைமேடையில் நின்றபடியே பாருங்கள், கீழே இறங்க வேண்டாம். மேற்பரப்பு பளபளத்தால் வண்டி அடிக்கடி ஓடுகிறது. செம்பழுப்பாக இருந்தால் ஓடிச் சில நாளாகிவிட்டது. ஆனால் துருப்பிடித்த பாதையில் வண்டி வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பல பாதைகளில் தண்டவாளம் வழியாக மெல்லிய மின்சாரம் ஓடும். சக்கரங்கள் அதைக் குறுக்கே இணைப்பதை வைத்துத்தான் வண்டி எங்கே இருக்கிறது என்று சிக்னல் அறியும். துரு கூடினால் அந்த இணைப்பு கெடும். அதனால், ஆளே ஏறாவிட்டாலும் துருவைத் தேய்ப்பதற்கென்றே வண்டி ஓட்டுவதுண்டு.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. மான்செஸ்டர் அருகே டென்டன் என்றொரு நிலையம். பல ஆண்டுகள் அங்கே வாரத்துக்கு ஒரே ஒரு வண்டி, அதுவும் ஒரு திசையில் மட்டும். அப்போது போனவர் அதே வழியில் ரயிலில் திரும்ப முடியவில்லை! மூடிவிட்டால் என்ன? முறைப்படி மூட அறிவிப்பு, மக்கள் கருத்து என்று நீண்ட நடைமுறை உண்டு; பெயருக்கு ஒரு வண்டி விடுவது அதைவிடச் சுலபம். இத்தகைய வண்டிகளை 'பார்லிமென்ட் ரயில்' என்கிறார்கள். அந்தப் பெயர் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. ஏழைகளும் போய்வர மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் தினமும் ஒரு வண்டியாவது ஓட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஏழைக்காகப் பிறந்த பெயர், யாருமே ஏறாத வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜப்பானில் கதை நேரெதிர். ஹொக்கைடோவில் கொபோரோ என்ற நிலையம் இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒழுங்கான சாலை கிடையாது. 1943-இல் ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடப் போட்ட இடம் அது. இன்று அதன் தனிமையைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். தனிமையைப் பார்க்கக் கூட்டம் வந்தால் அப்புறம் ஏது தனிமை? சரி, அதை விடுங்கள்.

இப்படி ஒரு நிலையத்தில் நான் ஒருமுறை சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது, நின்றது. யாரும் இறங்கவில்லை. கார்டு என்னைப் பார்த்து, ஏறவில்லையா என்று கையசைவில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உடனே பச்சைக் கொடியைக் காட்டிவிடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அந்த ஒரு நிமிடம் முழுதாக முடியும்வரை நின்றிருந்தார்.