பூமிக்குள்ளேயே உறைந்த பாறைகள்: கிரானைட்டும் அதன் கருப்புச் சொந்தமும்

[காட்சி: சமையல் மேடை. கருப்புக் கல்லின் மேல் செல்போன் டார்ச் வெளிச்சம் சாய்வாக விழுகிறது.]

உங்கள் வீட்டுச் சமையல் மேடை கருப்புக் கல்லா? கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். குச்சி குச்சியாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு மின்னும் பொடிப்பொடிப் படிகங்கள் தெரியும். கடையில் 'கருப்பு கிரானைட்' என்று சொல்லித்தான் இதைக் கொடுத்திருப்பார்கள். புவியியல் கணக்கில் இது கிரானைட்டே இல்லை. பெரும்பாலும் டோலரைட், இல்லையென்றால் காப்ரோ.

ஆனாலும் கிரானைட்டுக்கு இது சொந்தக்காரக் கல்தான். மூன்றுமே ஊடுருவிய தீப்பாறைகள். எரிமலை வழியாக வெளியே கொட்டாமல், பூமிக்கு உள்ளேயே ஆறி இறுகிய மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு.

[காட்சி: ஒரு தட்டில் கருப்பட்டி, இன்னொரு தட்டில் பனங்கற்கண்டு.]

உள்ளே ஆறுவதற்கும் வெளியே ஆறுவதற்கும் என்ன வித்தியாசம்? இந்த இரண்டு தட்டையும் பாருங்கள். இரண்டும் பதநீர்தான். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றினால் சீக்கிரம் இறுகிக் கருப்பட்டி ஆகிறது, படிகம் கண்ணுக்குத் தெரியாது. அதே பாகை நூல் கட்டிய பானையில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டால் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளைகிறது. மாக்மாவும் அப்படித்தான். வெளியே வந்து சட்டென்று ஆறினால் பசால்ட். அதே குழம்பு ஆழத்தில் நிதானமாக ஆறினால் காப்ரோ. பொருள் ஒன்று, ஆறிய நேரம்தான் வேறு.

பல கிலோமீட்டர் ஆழத்தில் சுற்றிலும் சூடான பாறை போர்வை மாதிரி மூடியிருக்கும். அங்கே ஒரு பெரிய மாக்மாத் திரள் ஆறி முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பாடப்புத்தகத்தில் அடியாழப் பாறை என்று படித்தது இதைத்தான். கிரானைட், காப்ரோ இரண்டும் அந்த வகை. அவ்வளவு ஆழம் போகாமல், விரிசல்களில் சுவர்போல ஏறி நின்று இறுகியது இடையாழப் பாறை. அந்தச் சுவருக்கு டைக் என்று பெயர், டோலரைட் பெரும்பாலும் அதில் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் பக்கம் கருப்புக் கல் வெட்டும் குவாரிகள் பலவும் இப்படிப்பட்ட டைக்குகளின் மேல்தான் நிற்கின்றன.

[காட்சி: உள்ளங்கையில் உடைந்த கிரானைட் துண்டு, மிக அருகில்.]

இப்போது உண்மையான கிரானைட். பாலிஷ் போட்ட பக்கத்தைவிட உடைந்த பக்கம்தான் பேசும். திருப்பும்போது கண்ணாடிச் சில்லுபோலப் பளிச்சென்று அடிக்கும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு முகம் ஃபெல்ஸ்பார். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிவது மைக்கா, நம் ஊர்ப் பெயர் காக்காப்பொன். இவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், தனக்கென்று ஒரு வடிவமே இல்லாமல் இருப்பது குவார்ட்ஸ். கடைசிப் பந்திக்கு வந்தவர் கிடைத்த இடத்தில் உட்காருவதுபோல, மற்றவை எல்லாம் படிகமான பிறகு மிச்சமிருந்த சந்துகளில் இறுகியது அது. இந்தத் துண்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குவார்ட்ஸ்தான். எது முதலில் வந்தது, எது கடைசி என்று இந்தச் சின்னக் கல்லிலேயே படித்துவிடலாம்.

கிரானைட்டில், மணலில் இருக்கும் அதே சிலிக்கா ஏறக்குறைய 70 சதவீதம், அதனால் வெளிர் நிறம். காப்ரோ, டோலரைட்டில் 50 சதவீதம் அளவுக்குத்தான். இரும்பும் மெக்னீசியமும் கூடுதல், அதனால் கருப்பு. எலுமிச்சையும் புளியும் மார்பிளை அரிக்கும், இவற்றை அரிக்காது. மார்பிள் கால்சியம் கார்பனேட், இவை சிலிகேட்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கருங்கல் எல்லாமே தீப்பாறை இல்லை. தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று சொல்வதில் நிறைய சார்னோகைட், நைஸ் என்ற உருமாறிய பாறைகள்தான். அது தனிக் கதை.

[காட்சி: மலைப்பள்ளத்தாக்கு, ஆற்றுப்படுகையில் கரும்பாறைக்கு ஊடே சிவப்புக் கோடுகள்.]

18-ஆம் நூற்றாண்டில், கிரானைட் ஆதிக் கடலில் படிந்து உண்டானது என்றுதான் பலரும் நம்பினார்கள். ஸ்காட்லாந்தின் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே ஆற்றுப்படுகையில், பழைய கரும்பாறையைக் கிழித்துக்கொண்டு சிவப்பு கிரானைட் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. உருகிய நிலையில் புகுந்திருந்தால் ஒழிய இது நடக்காது. அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்களாம். 'ஊடுருவிய' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

பயன் என்று பார்த்தால் தரைக்கல், கல்லறைக்கல், ரயில் பாதை ஜல்லி எல்லாம் தெரிந்ததுதான். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் என்ற ஒரே ஊடுருவல் தொகுதிதான் உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதியைத் தருகிறது. ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போக நினைத்த இடம் எகிப்தின் அஸ்வான்.

[காட்சி: அஸ்வான் குவாரி. படுத்த நிலையில் நீண்ட தூண்.]

3,000 ஆண்டுகளுக்கும் முன்பு, சிவப்பு கிரானைட்டில் ஒரே கல்லாக ஒரு கூர்ந்தூணை இங்கே வெட்டத் தொடங்கினார்கள். சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. செம்பு உளி கிரானைட்டில் மழுங்கிவிடும், இரும்பு உளி கையில் இல்லை. எடுத்தது டோலரைட் உருண்டைகளை. உங்கள் சமையல் மேடையில் பார்த்தோமே, அந்தப் பின்னல் படிகங்கள், அதுதான் ரகசியம். இழை இழையாகக் கோத்துக்கொண்ட படிகம் சுலபத்தில் உடையாது. பெரிய படிகங்களால் ஆன கிரானைட் அதன் கீழே பொடிப்பொடியாக நொறுங்கும். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து இடித்தார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் தாங்களே இடித்துப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கியது.

பாதியில் கல்லில் விரிசல் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டார்கள். தூண் இன்றும் அங்கேயே கிடக்கிறது, அடிப்பக்கம் தாய்ப்பாறையோடு ஒட்டியபடி. சுற்றியுள்ள அகழியில், டோலரைட் இடித்த குழிகள் வரிசை வரிசையாக அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் ஆள் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து வேலை செய்யும் அகலத்தில்.